வாசகர் கேள்விகள்: ஒருசந்தியில் மிச்சமானது எங்கே போகிறது?

ஈஸ்டருக்கு முன் கத்தோலிக்கர் நோன்பிருக்கும் தவக்காலம் வந்தாலே எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி ‘இதைச் சாப்பிடலாமா, அதைச் சாப்பிடலாமா’ என்றுதான் இருக்கும். அவற்றையும் ஒதுக்காமல், அவற்றைவிடக் கனமான சில கேள்விகளையும் சேர்த்து, மறைக்கல்விப் பணியில் இருக்கும் நாங்கள் இங்கே பதில் தருகிறோம்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து எண்ணினால் 46 நாள் வருகிறது. பிறகு ஏன் நாற்பது நாள் என்கிறோம்? ஞாயிற்றுக்கிழமையும் ஒருசந்தி (ஒரே வேளைச் சாப்பாட்டு நோன்பு) இருக்க வேண்டுமா?
– வாசகி, தூத்துக்குடி

உங்கள் எண்ணிக்கை சரி. 2026இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18, உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) ஏப்ரல் 5. இடையே பெரிய சனிக்கிழமை முடிய 46 நாள். அதில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. ஒவ்வொரு ஞாயிறும் உயிர்ப்பின் நாள். அன்று ஒருசந்தி பிடிப்பது திருச்சபையின் வழக்கமில்லை. வழிபாட்டு நாள்காட்டிப்படி பார்த்தால் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்பே தவக்காலம் முடிந்து, இயேசுவின் பாடு, மரணம், உயிர்ப்பை நினைவுகூரும் பாஸ்கா முந்நாள் தொடங்கிவிடுகிறது. அது வேறு கணக்கு.

ஆனால் ஆறு நாள் அடக்கியதையெல்லாம் ஏழாம் நாள் இலையில் கொட்டிக்கொள்வதற்கு இது அனுமதிச் சீட்டும் அல்ல. குடி, புகை, பாக்கு போன்றவற்றை விட்டவர்கள் ஞாயிறு விலக்கு எடுக்கவே வேண்டாம். வாரம் ஒருமுறை தொட்டால் ஆசை ஆறவே ஆறாது. திங்கட்கிழமை ஒவ்வொன்றும் முதல் நாள் போலவே வலிக்கும்.

ஒருசந்திக்கும் சுத்தபோசனத்துக்கும் என்ன வித்தியாசம்? யார் யாருக்குக் கடமை? மீன், முட்டை சேர்க்கலாமா?
– வாசகர், திருச்சி

பழைய ஞானோபதேசப் புத்தகங்களில் இருக்கும் அருமையான சொற்கள் இவை. ‘சந்தி’ என்றால் வேளை. ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே ஒரு முழுச் சாப்பாடு. காலையிலும் இரவிலும் கொஞ்சம் ஏதாவது எடுத்துக்கொள்ளலாம். சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்கல்.

1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒழுங்குபடுத்தி, 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்ற விதி இது: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாளும் ஒருசந்தியும் சுத்தபோசனமும்; வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம். சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 நிறைந்ததிலிருந்து 59 நிறையும்வரை. பெருவிழா ஒன்று வெள்ளிக்கிழமையில் விழுந்தால் அன்று சுத்தபோசனக் கடமை கிடையாது. 2027இல் புனித சூசையப்பர் பெருவிழாவான மார்ச் 19 வெள்ளிக்கிழமைதான், இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஆயர் பேரவை உள்ளூர் நிலைக்கு ஏற்ப மாற்றுச் செயல்களை வகுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. எனவே ஆயரின் தவக்காலச் சுற்றுமடலைப் பங்கில் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

மீன், முட்டை, பால், தயிர், நெய் எதற்கும் தடையில்லை. ஆட்டுக்கறி எலும்பு போட்ட குழம்பில் கறியை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வது மட்டும் வேண்டாமே. அதுபோலவே, கோழிக்குப் பதில் அதைவிட இரண்டு மடங்கு விலையில் வஞ்சிரம் வாங்கிப் பொரிப்பதும். சட்டம் அதைத் தடுக்காது. ஒறுத்தல், அதாவது ஆசையை அடக்குவது, அங்கே இல்லை, அவ்வளவுதான்.

ஒருசந்தி நாளுக்கு ஒரு மாதிரி: காலையில் இரண்டு இட்லி, நடுப்பகலில் சோறு, சாம்பார், ஒரு காய், இரவில் ஒரு கிண்ணம் கஞ்சியும் துவையலும். இடையில் வடை, பிஸ்கட், முறுக்கு கிடையாது. தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். மாசி பங்குனி வெயிலில் தண்ணீரையும் நிறுத்திவிட்டுச் சிலுவைப்பாதை வழிபாட்டில் மயங்கி விழுபவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறோம். அப்படி யாரும் கேட்கவில்லை. காபியை விடுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே மூன்றை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி வாருங்கள். சட்டென்று நிறுத்தினால் இரண்டாம் நாள் தலைவலி மண்டையைப் பிளக்கும். நற்கருணைக்கு முன் உட்கார்ந்தாலும் தலைவலியைத்தான் தியானிப்பீர்கள்.

எனக்கு 52 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இதுவரை பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி விட்டதில்லை. இந்த முறை மகள் கூடாது என்கிறாள்.
– வாசகி, பாளையங்கோட்டை

மகள் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. நோயாளிகளுக்கு இந்தக் கடமை இல்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளினால் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பிறகு குழப்பம். அளவு 70க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருசந்திக்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து.

உங்களால் முடிந்த ஒறுத்தல் வேறு இருக்கிறது. மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ருசிக்கு என்று தொட்டுக்கொள்வதை விடுங்கள். மாலைத் தொடரை விட்டுவிட்டு அந்த அரைமணி நேரம் தெருவில் தனியாக இருக்கும் ஒரு கிழவியோடு உட்கார்ந்து பேசுங்கள். இது இரண்டாம் தரப் பரிகாரம் என்று நினைக்காதீர்கள்.

எங்கள் கிளைக் கிராமத்தில், திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலை நானே தயாரிக்க வேண்டும். போன வருடம் இரண்டு பிள்ளைகளுக்கு நெற்றி எரிந்து சிவந்துவிட்டது. என்ன தவறு செய்தேன்?
– உபதேசியார், சிவகங்கை மாவட்டம்

தண்ணீர் ஊற்றிக் குழைத்திருப்பீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். இலைச் சாம்பலில் காரம் உண்டு. தண்ணீர் சேர்ந்ததும் அது கரைந்து காரநீராகிவிடும். ஒரு காலத்தில் சாம்பலைப் போட்டு அழுக்குத் துணி வெளுத்தார்கள் என்றால் அந்தக் காரத்தின் பலத்தில்தான். அதைப் பிள்ளையின் நெற்றியில் வைத்து ஒரு மணி நேரம் விட்டால் தோல் புண்ணாகும்.

முறையைச் சொல்கிறோம். திருநீற்றுப் புதனுக்கு இரண்டு ஞாயிறு முன்பே, சென்ற ஆண்டுக் குருத்தோலைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சிலுவை, கிளி, மணி என்று முடைந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருப்பார்கள். அதில் ரப்பர் வளையம், ஊசி, பிளாஸ்டிக் நூல், பழைய ஜெபமாலை மணி எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பிரித்து எறியுங்கள். பிளாஸ்டிக் உருகிக் கலந்தால் அந்தச் சாம்பல் முழுதும் வீண். ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிடுங்கள், அது சரியாக எரியாது. இரண்டு நாள் வெயிலில் உலர்த்துங்கள்.

காற்றில்லாத இடத்தில் இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரியுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. வாடை போகாது, தோலுக்கும் ஆகாது. சுவாலை அடங்கியதும் தட்டு போட்டு மூடிவிடுங்கள். காற்று இல்லாமல் அணைந்தால் கறுப்பாக, கரியும் சாம்பலும் கலந்து நிற்கும். அந்தப் பதம்தான் வேண்டும். வெள்ளை வெளேரென்று ஆகும்வரை எரித்தால் காரமும் கூடும், கறுத்த நெற்றியிலும் சரி சிவந்த நெற்றியிலும் சரி, சிலுவை தெளிவாக விழாது. ஓர் இரவு முழுக்க ஆறவிடுங்கள். உள்ளே கனல் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். சூட்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளி டப்பா உருகியதுண்டு. மறுநாள் அம்மியில் அரைத்து வேட்டித் துணியில் சலியுங்கள். ஒரு காபி டம்ளர் அளவு இருந்தால் சில நூறு பேருக்குப் போதும்.

பூசும்போது உலர்ந்த சாம்பலாகவே பூசலாம். ஒட்டவில்லை என்றால் நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள், தண்ணீர் வேண்டாம். மந்திரிக்கும்போது குருவானவர் தெளிக்கும் தீர்த்தம் சில துளிகள்தான். அதையே சாக்காக வைத்துக் குழைத்துவிடாதீர்கள். யாருக்காவது எரிந்தால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொல்லுங்கள். மிஞ்சிய சாம்பலைக் குப்பையில் கொட்டாமல் கோயில் மரத்தடியில் புதையுங்கள்.

ஓரியூர் உங்கள் மறைமாவட்டத்தில் இருப்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அருளானந்தர் என்று நம் மக்கள் அழைத்த புனித ஜான் டி பிரிட்டோ ஓரியூரில் தலை வெட்டப்பட்டது 1693 பிப்ரவரி 4. அந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22. அதிலிருந்து 46 நாள் பின்னால் போனால் பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன். ‘மண்ணுக்கே திரும்புவாய்’ என்று திருச்சபை நினைவூட்டும் நாளில் அவர் இரத்தம் அந்த மண்ணில் விழுந்தது. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளையே இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்திலிருந்து கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாக வந்தவள். நாங்கள் லெந்து நாட்கள் என்போம், இங்கே தவக்காலம். நான் சாம்பல் பூசிக்கொள்ளலாமா? குடும்பமாகச் சேர்ந்து எதைச் செய்வது?
– வாசகி, நாகர்கோவில்

சாம்பல் மனமாற்றத்தின் ஓர் அடையாளம்தான், திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருட்சாதனம் அல்ல. மனம் மாற விரும்பும் யாரும் பூசிக்கொள்ளலாம். நற்கருணையின் ஒழுங்கு வேறு. அதைப் பங்குத்தந்தையிடம் பேசிக்கொள்ளுங்கள்.

சேர்ந்து செய்ய மாற்கு நற்செய்தியை எடுங்கள். பதினாறே அதிகாரம். நாளுக்குச் சுமார் 17 வசனம் வாசித்தால் நாற்பது நாளில் முடிந்துவிடும். உங்களிடம் இருக்கும் பழைய வேதாகமத்தையும், மாமியார் வீட்டில் இருக்கும் 1995இன் பொது மொழிபெயர்ப்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். முதல் அதிகாரம் 15ஆம் வசனத்திலேயே சுவையாக இருக்கும்: உங்களுடையது ‘மனந்திரும்பி, சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்’ என்கிறது, அவர்களுடையது ‘மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்’ என்கிறது. திரும்புவது என்றால் எங்கிருந்தோ எங்கோ நடந்து வர வேண்டும். மாறுவது உள்ளே நடக்கும். இந்த ஒரு சொல்லைப் பற்றியே ஒரு மாலை பேசலாம்.

ஒருவர் உரக்க வாசிக்கட்டும். மூன்று நிமிடம் யாரும் பேச வேண்டாம். பிறகு இரண்டாம் முறை வேறொருவர் வாசிக்க, மனதில் தைத்த ஒரு சொல்லை மட்டும் ஒவ்வொருவரும் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், பிரசங்கம் வேண்டவே வேண்டாம். வீட்டு மூத்தவர் விளக்கவுரை ஆரம்பித்த வீடுகளில் இரண்டாம் வாரமே பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். மொத்தம் இருபது நிமிடம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொண்டால் தூக்கம் குறுக்கே வராது.

பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவ அறிக்கை) செய்து பதினைந்து வருடம் ஆகிறது. எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. வெட்கமாகவும் இருக்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

தொடங்க வேண்டிய வாக்கியத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். முழங்காலிட்டதும் “சுவாமி, பதினைந்து வருடம் ஆயிற்று, முறை மறந்துபோச்சு, உதவி செய்யுங்கள்” என்று சொல்லுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். இப்படி வருகிறவரைக் கண்டால் குருவானவருக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

நேரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பெரிய வாரத்தில் வரிசை வாசல்வரை நிற்கும். ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. மூன்றாம் நான்காம் வாரத்தில், வார நாள் மாலையில், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். உங்கள் பங்குத்தந்தையிடம் கூச்சமாக இருந்தால் வேறு பங்குக்குப் போவதில் தவறே இல்லை.

முன்னோர் சொன்ன ஐந்து காரியங்கள் இன்றும் பொருந்தும்: ஆன்மசோதனை, மனஸ்தாபம் (பாவத்துக்காக வருந்துவது), இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, சங்கீர்த்தனம், குருவானவர் கொடுக்கும் அபராதத்தை, அதாவது பரிகாரச் செயலை, தீர்ப்பது. ஆன்மசோதனைக்குப் பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்து, ஒரு தாளில் எழுதுங்கள். பதினைந்து ஆண்டையும் ஒரே மூச்சில் தோண்டாதீர்கள். வேலை, திருமணம், ஊர் மாற்றம் என்று மூன்று நான்கு பகுதியாகப் பிரித்துக்கொண்டால் நினைவு தானாக வரும். கனமான பாவங்களை வகையும், தோராயமாக எத்தனை முறை என்பதும் சொல்ல வேண்டும். ‘மாதம் ஒரிரு முறை, ஐந்து வருடம்’ என்றால் போதும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், பெரும்பாலும் மற்றவர்களின் பாவத்தைச் சொல்லும் இடத்தில். ‘அண்ணன் நிலத்தை ஏமாற்றினான், அதனால் பேசுவதில்லை’ என்பதில் அண்ணனின் பாவம்தான் நீளமாக இருக்கிறது. ‘அண்ணனோடு ஆறு வருடம் பேசவில்லை, அவன் கெட்டுப்போக வேண்டும் என்று நினைத்தேன்’ என்பது உங்களுடையது. ‘எல்லாப் பாவமும் செய்திருக்கிறேன்’ என்று பொத்தாம் பொதுவாக முடிப்பதும் உதவாது. மருத்துவரிடம் ‘உடம்பெல்லாம் வலி’ என்று சொன்னால் அவர் எங்கே தொட்டுப் பார்ப்பார்?

கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது, நீதிமன்றம் கேட்டாலும். மறந்துபோன பாவமும் மன்னிக்கப்படுகிறது; கனமானது என்றால் அடுத்த முறை சொன்னால் போதும். எடுத்த பணம் ஏதும் இருந்தால் திருப்பிக் கொடுக்கும் வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அபராதத்தை அன்றே, கோயிலைவிட்டு இறங்கும் முன்பே செய்துவிடுங்கள். தாளை வீட்டுக்குப் போய் அடுப்பில் போடுங்கள்.

ஒவ்வொரு வருடமும் டீ, இன்ஸ்டாகிராம், பிரியாணி மூன்றையும் விடுகிறேன். இரண்டாவது வாரத்தில் மூன்றும் திரும்ப வந்துவிடுகின்றன.
– வாசகர், சென்னை

மூன்று வேண்டாம், ஒன்று போதும். அந்த ஒன்றில் மிச்சமாவது எங்கே போகிறது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். திருநீற்றுப் புதன் நற்செய்தி, மத்தேயு ஆறாம் அதிகாரம், தர்மம், இறைவேண்டல், நோன்பு மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறது. நாம் நோன்பை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துக்கொள்கிறோம். எசாயா 58ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பசித்தவனோடு உணவைப் பகிர்வதும் ஆடையற்றவனுக்கு உடுத்தக் கொடுப்பதும்தான் தமக்கு உகந்த நோன்பு என்கிறார் ஆண்டவர்.

நாளுக்கு இரண்டு டீ, ஒன்று 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாற்பது நாளில் 1,200 ரூபாய். அதை மாதக் கடைசியில் கணக்குப் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தால் காசு கண்ணில் படாமல் கரைந்துவிடும். அன்றன்றைக்கு முப்பது ரூபாயை ஒரு டப்பாவில் போடுங்கள். ஜீ-பே காலத்தில் சில்லறை இல்லை என்றால் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். யாருக்கு என்பதையும் பெயரோடு தீர்மானியுங்கள்: அலுவலக மாடியைக் கூட்டும் அக்காவின் பையனுக்குப் பள்ளிச் சீருடை, அப்படி. முகம் ஒன்று மனதில் இருந்தால் நாலு மணிக்கு டீக்கடை பக்கம் கால் போகாது. கொடுக்கும்போது தவக்காலக் காசு என்று சொல்ல வேண்டாம்.

இன்ஸ்டாகிராமை எடுத்தால் காசுக்குப் பதில் நேரம் மிஞ்சும். அந்த நேரத்தை வெறுமையாக விட்டால் யூடியூப் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரவு ஒன்பதரைக்கு ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் என்று எழுதி வையுங்கள். தவறிய நாளுக்கு மறுநாள் தொடருங்கள், அபராத வட்டி போட்டுக்கொள்ளாதீர்கள்.

படுக்கையில் இருக்கும் என் தாய்க்குச் சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்கு வர இயலாது. வீட்டில் செய்யலாமா?
– வாசகி, மன்னார்

தாராளமாக. இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் பதினான்கு நிலைகளையும் ஒரே நாளில் சொல்லிக் களைக்க வைக்க வேண்டாம். நாளுக்கு இரண்டு என்றால் வாரத்தில் முடியும். கையில் ஒரு சிலுவையைக் கொடுங்கள், நிலைகளை நீங்கள் சொல்லுங்கள், ‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ மட்டும் அவர் சொல்லட்டும்.

என் கணவர் தவக்காலத்தில் மட்டும் குடிப்பதில்லை. ஈஸ்டர் அன்று மத்தியானமே தொடங்கிவிடுவார். வருடா வருடம் இதேதான். இதில் என்ன ஆன்மிகம் இருக்கிறது என்று கோபம் வருகிறது.
– வாசகி, கன்னியாகுமரி மாவட்டக் கடலோரக் கிராமம்

உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் நாற்பது நாள் அவரால் முடிகிறது என்பது பெரிய விஷயம். அதை வைத்துத்தான் மேலே கட்ட வேண்டும்.

முதலில் உடம்பு. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திருநீற்றுப் புதனன்று சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்து இரண்டு மூன்று நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும் உண்டு. உயிருக்கே ஆபத்தான நிலை அது. பக்தியால் தாங்கிக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். நிறுத்துவதற்கு முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டினால் மாத்திரை கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வைப்பார்கள். இன்னொரு பக்கம், நாற்பது நாள் விட்ட உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. ஈஸ்டர் மத்தியானம் பழைய கணக்கில் குடித்துவிட்டு வண்டியை எடுப்பதும், கடலுக்குப் போவதும் இருமடங்கு ஆபத்து.

இனி உள்ளம். தவக்காலத்தைக் காவல் நாள்களாக எண்ணினால் ஈஸ்டர் விடுதலை நாள் போலத் தோன்றும். திருச்சபை அதை அப்படி வைக்கவில்லை. ஆதியில் உயிர்ப்பு இரவில் திருமுழுக்குப் பெறுகிறவர்கள் தயாரிக்கும் காலம் இது; ஏற்கெனவே பெற்ற நமக்கு அதைப் புதுப்பிக்கும் காலம். பாஸ்கா திருவிழிப்பில், அதாவது பெரிய சனிக்கிழமை இரவு வழிபாட்டில், கையில் எரியும் மெழுகுதிரியோடு நிற்கும்போது, சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடுகிறீர்களா என்று கேட்கிறார்கள். ‘விட்டுவிடுகிறேன்’ என்கிறோம். நாற்பது நாளும் அந்த ஒரு பதிலுக்கான ஒத்திகை. உங்கள் கணவர் ஒத்திகையை முழுதாகச் செய்துவிட்டு, அந்த இரவில் மட்டும் வீட்டில் தூங்குகிறார் என்று நினைக்கிறோம்.

எனவே நான்காம் ஞாயிறு வாக்கில், வீட்டில் சண்டை இல்லாத ஒரு மாலையில், ஈஸ்டரைப் பற்றிப் பேசுங்கள். “வருஷம் பூரா குடிக்காதீங்க” என்று கேட்காதீர்கள். ஈஸ்டரிலிருந்து பெந்தக்கோஸ்து 50 நாள், அதுவரை மட்டும் என்று கேளுங்கள். குடிக்காமல் மிச்சமான பணத்தைப் பெரிய வியாழனன்று இருவருமாக எண்ணி, அதில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு எடுத்துவிட்டு, மீதியில் பிள்ளைகளுக்கு ஈஸ்டர் துணி எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பையில் காசு இருக்கக் கூடாது. வழக்கமாக அவரை அழைக்கும் கூட்டாளிகள் வரும் நேரத்தில் உங்கள் அண்ணன் வீட்டுக்குக் குடும்பத்தோடு சாப்பாட்டுக்குப் போய்விடுங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. பக்கத்தில் எங்கே என்று பங்குத்தந்தை வழியாக விசாரித்து, ஈஸ்டர் முடிந்த முதல் வாரத்திலேயே ஒரு கூட்டத்துக்கு அவரோடு கதவுவரை போய்விட்டு வாருங்கள். அடி, உதை இருந்தால் இதெல்லாம் பிறகு. முதலில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான இடம்.

பெரிய சனிக்கிழமை இரவு இரண்டு மெழுகுதிரி வாங்கிக்கொள்ளுங்கள். அவரை எழுப்பி அழைத்துப்போய், பக்கத்தில் நில்லுங்கள்.